கவச வண்டியின் வலப்பக்கக் கதவு

கேஸ் கட்டரைப் பற்றவைக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும். வீட்டு அடுப்பு பற்றுகிற சத்தம்தான், கொஞ்சம் பெரிது. அந்தச் சத்தத்துக்கும், நெருப்பு நீல நாக்காகக் கூர்மையாகி இரும்பைத் தொடுவதற்கும் நடுவில் அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்தில்தான் எனக்குத் தோன்றியது: இந்த வண்டியை மலைக்குக் கொண்டுபோனால் என்ன?

"டேய், நிறுத்து" என்றேன்.

கட்டரைப் பிடித்திருந்தவன் என்னோடு மெக்கானிகல் படித்தவன். நான்கு அரியரை அப்படியே விட்டுவிட்டு, கண்ணமங்கலத்தில் வெல்டிங் பட்டறை போட்டிருந்தான். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரும்பினான்.

"இன்னா?"

"இது ஓடுமாடா?"

"ஓடுமாவா? உள்ள எட்டிப் பாரு. வேலிகாத்தான் மொளச்சிகீது."

உண்மைதான். வண்டியின் தரைத்தகடு இற்றுப்போன இடத்தில் ஒரு வேலிகாத்தான் செடி முளைத்து, ஓட்டுநர் பார்க்கும் பிளவு வழியாகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணமங்கலத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், மூடிப்போன கல்குவாரி அது. முதலாளி இறந்துவிட்டார். அவர் மகன் கிடந்த இரும்பையெல்லாம் அறுத்துத் தரச்சொல்லி இவனிடம் விட்டிருந்தார். 'சும்மா வந்து பாரு, உனக்குப் புடிச்ச மாதிரி ஒண்ணு கீது' என்று இவன் போன் செய்ததால் வந்திருந்தேன்.

எனக்குப் பிடித்த மாதிரிதான் இருந்தது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் நம் நாட்டிலேயே செய்த கவச வண்டி. நான்கு சக்கரம், பின்னால் எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கனத்த கதவு. துப்பாக்கி இருந்த கூரையை யாரோ எப்போதோ அறுத்துவிட்டு, மேலே இன்னொரு தகட்டை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். இதன் படத்தை இணையத்தில் பார்த்துக்கொண்டே எத்தனையோ மத்தியான நேரங்களை நான் வீணடித்திருக்கிறேன். நேரில் ஒன்று, அதுவும் எங்கள் மலைக்குக் கீழே, முள்செடி முளைத்துக் கிடக்கும் என்று நினைத்ததில்லை.

நினைக்காமல் இருந்தேன் என்பது முழு உண்மையில்லை. அந்தக் குவாரியில்தான் என் அப்பா இறந்தார். எனக்கு அப்போது நான்கு வயது. வேட்டு வைக்கும்போது தொழிலாளர்கள் பதுங்குவதற்கு அங்கே ஒரு மிலிட்டரி வண்டி நின்றது, அன்று அம்மா உட்பட ஏழு பேர் அதற்குள் இருந்தார்கள், அப்பா வந்து சேர்வதற்குள் கல் பறந்துவிட்டது. எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். அதற்குமேல் நான் கேட்டதுமில்லை.

அதனால் அந்த அரை நிமிஷத்தில் என் மனத்தில் ஓடியதை அப்படியே எழுதிவிடுகிறேன். முதலில் அப்பா வரவில்லை. இன்ஜின்தான் வந்தது. எட்டு பிளக் துளைகளில் எத்தனை அடைத்திருக்கும், பிஸ்டன் இறுகியிருக்குமா என்றுதான் யோசித்தேன். இரண்டாவதாக வந்தது அம்மா. அம்மாவைக் காப்பாற்றிய வண்டி இது, இதை ஓடவைத்துக் காட்டினால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

நான் எதையும் ஆறப்போட்டு யோசிக்கிறவள் இல்லை. ஓரகடத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒன்றரை வருஷம் தரப் பரிசோதனை வேலை பார்த்தேன். ஒரே அளவுள்ள போல்ட்டை நாள் முழுக்க அளந்து சலித்து, ஒரு வெள்ளிக்கிழமை எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அதன்பின் வீட்டிலிருந்து லேப்டாப்பில் உதிரிபாகங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். சிக்னல் புளியமரத்தடியில் மட்டும்தான் வரும். வேலையில்லாத நேரத்தில் கை சும்மா இருக்காது. அன்று சாயங்காலமே குவாரிக்காரர் மகனைப் பார்த்து, என் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு வண்டியை எழுதி வாங்கிக்கொண்டேன்.

"ஸ்கூட்டர் ஓடும். இது ஓடாது. அதயும் சேர்த்து எழுதிக்கிட்டியா?" என்றான் நண்பன்.

மாசி மாதம் ஒரு கிரேன் லாரியில் ஏற்றி, போளூர் வழியாக மலைக்கு இழுத்து வந்தோம். வனத்துறை சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்தி, ஒருவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னாம்மா, யார் மேலயாவது சண்டைக்குப் போறீங்களா?"

"பழைய இரும்புங்க சார். வீட்டுக்கு."

"வீட்டுல இத்த வெச்சி?"

"ஓடவைக்கப் போறேன் சார்."

அவர் நான் நீட்டிய விற்பனைக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நண்பனைப் பார்த்தார். "கல்யாணம் ஆயிடுச்சா இவங்களுக்கு?" என்று அவனிடம் கேட்டார். அவன் லாரியில் ஏறிக்கொண்டான். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் லாரி முனகியது. நான் பின்னால் வண்டியோடு வண்டியாகச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக அதன்பின் நான் இருந்ததில்லை.

எங்கள் வீடு காவலூர் போகிற பஸ் தடத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா போனபின் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பிறந்த ஊருக்கு ஏறி வந்துவிட்டாள். சாமை விதைக்கிறாள், பருவத்தில் புளி அடிக்கிறாள். கிரேன் வண்டியை வாசல் நிலத்தில் இறக்கியபோது அவள் கொல்லையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கேட்பாள், திட்டுவாள், பிறகு சிரிப்பாள் என்று நின்றேன்.

அவள் வண்டியைப் பார்க்கவில்லை. வலப்பக்கக் கதவை மட்டும் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய், தன் இரண்டு புடவைகளை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"உன் மாமன் வூட்டுக்கு."

"ஏம்மா, இது நீ..."

"தெரியும் இது இன்னான்னு. இது இங்க இருக்கற வரைக்கும் இந்த வூட்டுல நான் ஒல வெக்க மாட்டேன்."

மாமா வீடு நான்கு வீடு தள்ளித்தான். அவள் போவதை வாசலில் நின்றே பார்க்க முடிந்தது. நண்பன் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே, "திருப்பி ஏத்திடலாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். பத்து நாளில் வந்துவிடுவாள், இன்ஜின் சத்தம் கேட்டால் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். குவாரியை நினைவுபடுத்துகிறது என்பதால் கோபம், அது ஆறிவிடும் என்றுதான் நினைத்தேன்.

அவள் வரவில்லை. ஆனால் சாப்பாடு வந்தது. எங்கள் வேலியோரம் ஒரு நட்டகல் உண்டு. தினமும் காலையிலும் பொழுது சாயும்போதும் அதன்மேல் மூடிவைத்த ஒரு தூக்குவாளி இருக்கும். சாமைச் சோறு, கொள்ளுக் குழம்பு, சில நாள் கீரை. வைக்கும்போது அவளைப் பார்க்க முடியாது. தூக்கை நான் கழுவி அதே கல்மேல் வைப்பேன், அது எடுக்கப்பட்டிருக்கும். சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பவள், வேலியைத் தாண்டிக் காலடி வைக்கவில்லை.

நான் வேலையில் இறங்கினேன். வேலிகாத்தானை வேரோடு பிடுங்க இரண்டு நாள் ஆனது. இன்ஜின் கூண்டுக்குள் ஒரு பாம்புச் சட்டை, நிறைய குளவிக்கூடு. எட்டு துளைகளிலும் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவைத்தேன். இன்ஜினைச் சுழற்றுகிற கம்பியை மாட்டி, காலால் மிதித்துப் பார்ப்பேன். அசையாது. மறுபடி ஊற்றுவேன். ஊரில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். மாமா ஒருநாள் சக்கரத்தை மிதித்துப் பார்த்துவிட்டு, "பொண்ணக் கட்டிக் குடுக்கலாம்னு பாத்தா, அது டாங்கியக் கட்டிகினு குந்திகீது" என்றார்.

"டாங்கி இல்ல மாமா. கவச வண்டி."

"எதுவா இருந்தா இன்னா. வரதட்சணை கேக்காது. அது வரைக்கும் சரி."

சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மா சரியா தூங்கறதில்ல பாப்பா. இத்த எங்கனா தள்ளிடேன்." 

"ஓடட்டும் மாமா. ஓடுனா அவங்களே வருவாங்க" என்றேன்.

துருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் துருப்பிடித்த அரிவாளைப் புளித்தண்ணீரில்தான் போடுவோம். பழம்புளியைக் கரைத்து, உப்புப் போட்டு, ராத்திரி ஊறவைத்துக் காலையில் தேங்காய் நாரால் தேய்த்தால் இரும்பு வெள்ளையாகப் பல்லைக் காட்டும். கடையில் விற்கிற துருநீக்கி எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வீட்டுக்கு வீடு புளி கிடக்கிற ஊரில் அதை யார் வாங்குவார்கள்? நீலப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை உருட்டி வந்தேன். அரிவாளுக்கு ஒரு உருண்டை என்றால் இதற்கு ஒரு கூடை. நட்டகல்மேல் கழுவிய தூக்கோடு ஒரு சீட்டு எழுதி வைத்தேன்: 'பழம்புளி வேணும், நெறைய.' மறுநாள் கல்மேல் போன வருஷத்துப் புளி ஒரு கூடை, கறுத்து, பிசுபிசுவென்று இருந்தது. எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி டிரம்மில் போட்டேன். வலப்பக்கக் கதவு நன்றாகக் கழன்றது. இடப்பக்கக் கதவு அசையவே இல்லை. குவாரியில் அந்தப் பக்கம் பாறையோடு ஒட்டி நின்றிருக்கிறது, எத்தனை வருஷமாகத் திறக்கவில்லையோ தெரியாது. அதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். வலப்பக்கக் கதவின் கீல், உள்தாழ், கதவைத் திறந்தபடி நிறுத்திவைக்கிற விரல் பருமன் கொண்டி, அதன் சுருள்வில் எல்லாம் டிரம்முக்குள் போயின. நண்பன் போனில், "ரெண்டு நாளு போதும். ஜாஸ்தி வுட்டா புளி இரும்பையே துன்னும்" என்றான். சரி என்றேன்.

இரண்டாம் நாள் வேலூரிலிருந்து ஒரு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. வேலை பெரிதாகத் தேவைப்படவில்லை. ஆனால் இன்ஜின் சுற்றாத எரிச்சலில் எங்காவது போக வேண்டும் போலிருந்தது. போனேன். அங்கே பழைய தோழிகள், ஒரு பயிற்சி வகுப்பு, இன்னொரு நேர்முகத் தேர்வு. எட்டு நாள் ஆகிவிட்டது. திரும்பி வந்து டிரம்முக்குள் கையை விட்டபோது தண்ணீர் கறுத்து, மை மாதிரி இருந்தது. வெளியே எடுத்தவை சாம்பல் வெள்ளையில் மினுங்கின. எனக்கு ஒரே மகிழ்ச்சி. கீல் கனமானது, தப்பிவிட்டது. தாழ் கொஞ்சம் குழிந்திருந்தது. சுருள்வில் கையிலேயே முறிந்தது. கொண்டியின் நுனி நகம் அளவுக்குத் தேய்ந்து, பாதி இல்லாமல் இருந்தது. வேறு செய்துகொள்ளலாம் என்று அதைத் தகர டப்பாவில் போட்டேன்.

சித்திரையில் வலப்பக்கக் கதவை மாட்டினேன். கீலுக்கு கிரீஸ் வைத்ததும், அத்தனை கனமான கதவு ஒற்றை விரலுக்கு அசைந்தது. இத்தனை வாரத்தில் வண்டியில் முதன்முதலாக ஒன்று வேலை செய்கிறது. ஆசையாக இருந்தது. உள்ளே உட்கார்ந்து, அகலத் திறந்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். போய் மூடிக்கொண்டது. தாழ் தானே விழுந்தது. கோயில் மணி போலில்லை, கிணற்றுக்குள் இரும்பு விழுந்த மாதிரி ஒரு சத்தம். நன்றாக இருந்ததே என்று தாழைத் திருகி மறுபடி திறந்து மறுபடி மூடினேன். மூன்றாவது முறை மூடும்போது மாமா ஓடிவந்தார்.

"நிறுத்து. உங்கம்மா முறத்தக் கீழ போட்டுட்டு அப்படியே குந்திகீறா. பேச்சே இல்ல. அந்தக் கதவத் தொடாத நீ."

மாமா வீட்டுப் பின்கட்டில் புளி அடிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், சுற்றிலும் புளியங்கொட்டை சிதறிக் கிடந்தது. நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். அவளே கட்டையை எடுத்து ஒரு பழத்தைத் தட்டினாள். தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"மூணு விசிலு. மொதல் விசிலுக்கு வேலைய நிறுத்தணும். ரெண்டாவதுக்கு வண்டியில ஏறணும். மூணாவதுக்குக் கதவ மூடணும். கடைசியா ஏறுறவங்கதான் மூடணும். அதான் அங்க மொற."

"ம்."

"அன்னிக்கி நான்தான் கடைசி. உங்கப்பா என் பின்னாலயே வந்துகினு இருந்தாரு. மேல வெளிம்புல ரெண்டு ஆடு. யாரோட ஆடோ. 'தோ, ஓட்டிட்டு வர்றேன்'னு திரும்பி ஓடிட்டாரு. மூணாவது விசிலு அடிச்சிட்டான். உள்ள எல்லாம் கதவ மூடு, கதவ மூடுன்னு கத்துறாங்க." கட்டை நின்றது. "மூடிட்டேன்."

"அப்பா?"

"வந்து தட்டுனாரு. ரெண்டு தட்டு. வெளிய கைப்புடி கெடையாது, எப்பவோ அறுத்துட்டாங்க. உள்ள தாழ் விழுந்துடுச்சி. திருவுனேன், வரல. திருவுனனா இல்லியான்னே இப்ப நெனப்பு இல்ல. அப்புறம் வேட்டு."

இருபது வருஷமாக 'வந்து சேர்வதற்குள்' என்று நான் நம்பியிருந்தது இதைத்தான். அவர் வந்து சேர்ந்திருக்கிறார்.

சும்மா இரு என்று உள்ளே ஏதோ சொன்னது. என்னால் முடியவில்லை. "புடிச்சி இழுத்தது ஞாபகம் இருக்காம்மா? கையால?" என்று கேட்டேன்.

அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். புளி ஒட்டியிருந்தது. "கை கதவுக் கம்பி மேல இருந்திச்சி. கதவு வந்திச்சி."

"வண்டி எப்படி நின்னுது? சமமாவா?"

"சமமா எங்க நின்னுது? மூக்கு மேல தூக்கிகினு, பின்பக்கம் எறக்கமா."

நான் எழுந்து ஓடினேன். கதவின் கீல் முன்பக்கம் இருக்கிறது. வண்டியின் மூக்கு மேட்டில் இருந்தால், திறந்த கதவு தன் எடையாலேயே பின்னால் சரிந்து மூடப் பார்க்கும். கொண்டி பிடித்தால்தான் நிற்கும். கொண்டி அன்றைக்கே உடைந்திருந்தால்? ஆறு பேர் முண்டியடித்து ஏறிய அதிர்ச்சியில் அது நழுவியிருந்தால்? அம்மா இழுத்திருக்கவே வேண்டாம். கதவு தானாகவே வந்திருக்கும். பழைய உடைப்பு என்றால் கொண்டியின் நுனியே அதைச் சொல்லும். உடைந்த இரும்பின் முகம் சொரசொரப்பாக இருக்கும், தேய்ந்தது வேறு மாதிரி இருக்கும். ஒன்றரை வருஷம் இதைத்தானே தினமும் பார்த்தேன்.

தகர டப்பாவைக் கவிழ்த்தேன். கொண்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நுனி வழவழவென்று இருந்தது. உடைப்பு இருந்திருந்தாலும் புளி அதைச் சப்பித் தின்றுவிட்டிருந்தது. அதே நுனி முழுசாக இருந்து, நான் விட்ட எட்டு நாளில் கரைந்திருக்கவும் கூடும். எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

போனில் படங்கள் இருந்தன. கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் எடுத்திருந்தேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். துருவும் மண்ணும் பிடித்த ஒரு கட்டி, அவ்வளவுதான். கொண்டியின் நுனி அந்தக் கட்டிக்குள் எங்கோ இருந்தது.

நண்பன் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தான். கொண்டியை விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தான். கேலி செய்வான் என்று எதிர்பார்த்தேன், செய்யவில்லை.

"ரெண்டு நாளுன்னு சொன்னேன்ல."

"சொன்ன."

"உள்ள இருந்தவங்க வேற யாரையாவது கேட்டா?"

அம்மாவிடம் அதையும் கேட்டிருந்தேன். 'உள்ள கும்மிருட்டு. அவங்களுக்கு இன்னா தெரியும்?' என்று சொல்லிவிட்டாள். அவர்களில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாது.

அவன் வண்டியைச் சுற்றி வந்து இடப்பக்கக் கதவை முட்டியால் தட்டினான். "இதுல ஒரு கொண்டி இருக்குமே."

அது எனக்கும் தோன்றியிருந்தது, சொல்லப் பயந்துகொண்டிருந்தேன். இடப்பக்கக் கொண்டி திறக்கப்படாத கதவுக்குள் உழைக்காமல் கிடக்கிறது, நல்ல நிலையில்தான் இருக்க வேண்டும். குவாரியில் நின்ற அதே சரிவில் வண்டியை நிறுத்தி, இடப்பக்கக் கதவைத் திறந்து அந்த நல்ல கொண்டியில் மாட்டி விட்டுப் பார்க்கலாம். நல்ல கொண்டியே பிடிக்கவில்லை என்றால், வலப்பக்கம் எப்படி இருந்திருந்தாலும் கதவு தானாகத்தான் மூடியிருக்கும். அம்மாவின் கை கம்பிமேல் இருந்தது, அவ்வளவுதான் ஆகும். ஆனால் கொண்டி பிடித்துவிட்டால்?

மறுநாள் மாமா வீட்டுக்குப் போய் இதை அம்மாவிடம் சொன்னேன். காகிதத்தில் படம் போட்டு, சரிவு, கீல், எடை எல்லாம் காட்டினேன். அவள் கடைசி வரை கேட்டாள். காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

"தானா மூடிகிச்சின்னு வெச்சிக்கோ. அப்ப இத்தினி வருசம் நான் தூக்கிகினு திரிஞ்சது இன்னாத்துக்கு?"

"அம்மா..."

"தானா மூடலன்னு வெச்சிக்கோ. நீ இன்னா பண்ணுவ? உன் கண்ணால பாத்துட்டு அப்புறம் எனக்கு எதுக்க எப்படிக் குந்துவ?"

படத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். நான்கு நாள் வண்டியைத் தொடவில்லை. நண்பனுக்கு போன் செய்து, வந்து அறுத்துவிடு என்று சொல்லலாமா என்று பலமுறை எண்ணை எடுத்துப் பார்த்தேன். அறுத்துவிட்டால் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். உலை வைப்பாள். அந்த இரண்டு தட்டும் அவளோடு வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும், முன்பு இருந்தது போலவே. முன்பு எனக்குத் தெரியாது. இனி எனக்கும் கேட்கும்.

ஐந்தாம் நாள் காலை நட்டகல்மேல் தூக்கு இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அம்மா வேலிக்கு உள்ளே, தூக்கைக் கையில் பிடித்தபடி, வண்டிக்குப் பத்தடி தள்ளி நின்றாள்.

"இது இப்டி நிக்கல" என்றாள்.

"எது?"

"மூக்கு. இன்னும் மேல இருந்திச்சி. உள்ள குந்துனா முதுகு பின்னால சரியும். கால ஊனிக்கணும்."

"எவ்வளவு மேல?"

தூக்கைக் கீழே வைத்துவிட்டு, முழங்கையை மடக்கி, முன்கையைச் சரிவாகப் பிடித்துக் காட்டினாள். "இவ்ளோ."

என் போனில் சரிவு அளக்கிற செயலி இருக்கிறது. அதை அவள் முன்கைமேல் வைத்தேன். எண் ஓடிக்கொண்டே இருந்தது. "கொஞ்சம் அசையாம இரும்மா" என்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பதினொரு டிகிரியில் நின்றது. எங்கள் வாசலில் வண்டி நிற்பது நான்கில்.

அவள் கையை இறக்கி, போன் வைத்த இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பிறகு வேலியோரம் கிடந்த கற்களைப் பார்த்தாள். குவாரியில் வேலை பார்த்தவள், எது சக்கரத்துக்கு அடியில் நிற்கும், எது நொறுங்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கல்லைக் காலால் தொட்டுக் காட்டினாள்.

"இந்தக் கதவயும் புளித்தண்ணில போடப் போறியா?"

"இல்லம்மா. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் மட்டும்."

"ம்." தூக்கை எடுத்து என் கையில் கொடுத்தாள். "கதவ வுட்டுப் பாக்கற அன்னிக்கி உள்ள நீ குந்து. நான் வெளிய நிக்கறேன்."

எங்கே நிற்பாள் என்று நான் கேட்கவில்லை. மாமா வீட்டுக்கே திரும்பிப் போனாள். எங்கள் அடுப்பு இன்றும் பற்றவில்லை.

வரும் ஞாயிறு சர்ச் முடிந்ததும் நண்பன் பெரிய ஜாக்கியோடு வருகிறான். முன்சக்கரம் இரண்டையும் தூக்கி, அம்மா காட்டிய கற்களை அடியில் வைத்து, போனில் பதினொன்று வரும்வரை ஏற்றப்போகிறோம். இடப்பக்கக் கதவின் கீலில் மூன்று நாளாக எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன், நேற்று ஒரு நூல் அளவு அசைந்தது. கொண்டியை இன்னும் பார்க்கவில்லை. கதவு திறந்ததும் அதைத்தான் முதலில் படம் எடுப்பேன், தொடுவதற்கு முன்னால்.

அதற்கும் முன்பு ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பக்கமும் வெளிக் கைப்பிடியை அறுத்துவைத்திருக்கிறார்கள். பட்டறையிலிருந்து ஒரு முழக் கம்பி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதை வளைத்து, உள்தாழோடு இணைத்து, வெளியிலிருந்து திறக்கிற மாதிரி பற்றவைக்க வேண்டும். அது நன்றாகத் திருகித் திறக்கிறதா என்று பத்து தடவையாவது பார்த்த பிறகுதான் நான் உள்ளே போய் உட்காருவேன்.